இணைய வேலைவாய்ப்புத் தளத்தில் 412 விண்ணப்பங்கள் வந்தும் ஓர் ஆபரேட்டர் கூடக் கிடைக்கவில்லை: தவறு எங்கே?

கேள்வி: குறிச்சி பட்டறைக்காரர்

வணக்கம். கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் பம்பு உதிரி பாகங்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். இப்போது 46 பேர் வேலை செய்கிறார்கள். என் தந்தையார் காலத்தில் ஆள் தேவைப்பட்டால் கேட்டுக்கு வெளியே ஒரு கரும்பலகையில் எழுதி வைப்பார். மேஸ்திரியும் தமக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லி விடுவார். ஒரு வாரத்துக்குள் யாராவது வந்து நிற்பார்கள். கடந்த சில ஆண்டுகளாக அந்த வழி அடைபட்டுவிட்டது. தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு மூன்று சி.என்.சி. (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் இயந்திரம்) ஆபரேட்டர்களும் கணக்குப் பிரிவில் ஓர் உதவியாளரும் விலகிவிட்டதால், முதன்முறையாகப் பணம் கட்டி ஓர் இணைய வேலைவாய்ப்புத் தளத்தில் இரண்டு விளம்பரங்கள் கொடுத்தேன்.

பத்து நாளில் 412 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் 380 கணக்கு உதவியாளர் வேலைக்கு வந்தவை. ஆபரேட்டர் வேலைக்கு 32 மட்டுமே. அந்த 32 பேரில் 21 பேர் இயந்திரத்தின் முன் நின்றே பழகாத பொறியியல் பட்டதாரிகள். எஞ்சிய 11 பேரையும் நானே தொலைபேசியில் அழைத்தேன். ஆறு பேர் எடுக்கவில்லை. ஐந்து பேர் நேர்காணலுக்கு வருவதாகச் சொன்னார்கள், இருவர் வந்தார்கள், ஒருவருக்கு வேலையை உறுதி செய்தோம். திங்கட்கிழமை சேர்ந்துவிடுவதாகச் சொல்லிப் போனவர் அதன்பின் அழைப்பையே எடுக்கவில்லை. கணக்கு வேலைக்கான விண்ணப்பங்களில் முதல் 60ஐப் படிப்பதற்குள் இரண்டு இரவுகள் போய்விட்டன. மற்றவற்றை இன்னும் திறக்கவில்லை. எழுதிய ஒவ்வொருவரும் பதிலுக்குக் காத்திருப்பார்கள் என்ற எண்ணம் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் கொடுத்த விளம்பரம் இதுதான்: "சி.என்.சி. ஆபரேட்டர் தேவை. ஐ.டி.ஐ., டிப்ளமோ அல்லது பி.இ. அனுபவம் 0 முதல் 5 ஆண்டுகள். ஆண்கள் மட்டும். சம்பளம் தகுதிக்கேற்ப. கடின உழைப்பும் குழுவாகச் செயல்படும் மனப்பான்மையும் உடையவராக இருக்க வேண்டும்."

தளத்தின் விற்பனைப் பிரிவினர், இன்னும் கூடுதலாகப் பணம் கட்டினால் விளம்பரம் மேலே தெரியும், சுயவிவரத் தொகுப்பில் (வேலை தேடுவோர் தளத்தில் பதிந்துவைத்த விவரங்களில்) தேடும் வசதியும் கிடைக்கும் என்கிறார்கள். கட்டலாமா? பெரிய நிறுவனங்கள் இதே தளங்களில்தான் ஆள் எடுக்கின்றன என்றால், அவர்கள் செய்வதில் எதை நான் செய்யவில்லை?


பதில் 1: தேர்வாளர், கிண்டி

ஐயா, வணக்கம். சென்னையில் 13 ஆண்டுகளாக ஆள்சேர்ப்புப் பணியில் இருக்கிறேன்; அதில் ஏழு ஆண்டுகள் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலைக்காக. உங்கள் விளம்பரத்தைப் படித்ததும், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய விளம்பரங்களே நினைவுக்கு வந்தன.

முதலில் தளம் எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளம் 1997இல் தொடங்கியபோது, செய்தித்தாள்களில் வந்த வேலை விளம்பரங்களைத் தொகுத்து இணையத்தில் காட்டும் இடமாகத்தான் இருந்தது. இன்று எங்களைப் போன்றவர்கள் அதற்கும் அதுபோன்ற தளங்களுக்கும் பணம் கட்டுவது பெரும்பாலும் விளம்பரத்துக்காக அன்று. சுயவிவரத் தொகுப்பில் தேடுவதற்காகவே. விளம்பரம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஒரு வழி. தேவையான சொற்களைக் கொடுத்துத் தேடி, பொருத்தமானவரை நாமே அழைப்பது இன்னொரு வழி. பெரிய நிறுவனங்களின் இடைநிலை, மேல்நிலைப் பணியிடங்கள் பலவும் இரண்டாம் வழியில்தான் நிரம்புகின்றன.

விண்ணப்பிப்பவருக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்துவிடுகிறது. ஒரே மாலையில் முப்பது விளம்பரங்களுக்கு விண்ணப்பிப்பவர் எல்லாவற்றையும் படித்துப் பார்த்திருக்க மாட்டார். 380 என்ற எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டாம். அந்த 380 பேரில் உங்கள் பட்டறை எந்த ஊரில் இருக்கிறது என்று அறிந்தவர்கள் பாதிப் பேர் இருந்தாலே அதிகம். இதைத் தடுக்கத்தான் பல தளங்களில் விண்ணப்பத்தோடு சில கேள்விகளையும் சேர்க்கும் வசதி இருக்கிறது. கணக்கு உதவியாளர் வேலைக்கு நான் கேட்பவை மூன்றுதான். ஜி.எஸ்.டி. வரிக் கணக்குக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-3பி படிவத்தை நீங்களே தாக்கல் செய்திருக்கிறீர்களா? டாலி என்ற கணக்கு மென்பொருளில் எத்தனை ஆண்டு அனுபவம்? இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள்? விடைகளை வைத்து வடிகட்டினால் மிஞ்சுவது முப்பது, நாற்பது பேராக இருக்கும். அவர்களில் எட்டுப் பேரை அழைத்து, பழைய மாதம் ஒன்றின் பத்து விலைப்பட்டியல்களைக் கையில் கொடுத்து, டாலியில் பதியச் சொல்லுங்கள். இருபது நிமிடத்தில், எந்தச் சான்றிதழும் காட்டாத விஷயம் தெரிந்துவிடும்.

ஆபரேட்டர் விளம்பரத்துக்கு வருகிறேன். "0 முதல் 5 ஆண்டுகள்" என்றும் "பி.இ." என்றும் எழுதினால், படிப்பை முடித்து வீட்டில் இருக்கும் பட்டதாரிகள் விண்ணப்பிக்கத்தான் செய்வார்கள், அது அவர்கள் தவறன்று. உங்களுக்கு வேண்டியவர் ஆபரேட்டரா, செட்டரா? ஜாபை (கடைய வேண்டிய உருப்படியை) மாட்டி எடுத்து, அளவு பார்ப்பவர் ஆபரேட்டர். டூல் (வெட்டும் கருவி) மாற்றி, ஆஃப்செட் (அதற்கான அளவுத் திருத்தம்) கொடுத்து, முதல் ஜாபைச் சரிபார்த்து ஓடவிடுபவர் செட்டர். இயந்திரம் டர்னிங் சென்டரா (கடைவது), வி.எம்.சி.யா (செங்குத்தாக நின்று வெட்டுவது), அதன் கண்ட்ரோல் ஃபானுக் நிறுவனத்தினுடையதா, சீமென்ஸுடையதா என்பதையும் எழுதுங்கள். தேடும்போதும் இந்தச் சொற்கள்தான் கைகொடுக்கும். ஒருமுறை "மெஷினிஸ்ட்" என்று தேடி எங்களுக்கு நான்கு பேர்தான் கிடைத்தார்கள். "டர்னர்" என்ற சொல்லையும் சேர்த்த பிறகு, அதே பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அவர்களுடைய ஐ.டி.ஐ. சான்றிதழில் அந்தத் தொழிற்பிரிவின் பெயர்தான் இருந்தது; சுயவிவரத்திலும் அதையே எழுதியிருந்தார்கள்.

தேடலில் கடைசியாகத் தளத்துக்குள் வந்த தேதியைக் கொண்டும் வடிகட்டலாம். நான் 15 நாள்களுக்குள் வந்தவர்களை மட்டுமே முதலில் பார்ப்பேன். ஆறு மாதமாக எட்டிப் பார்க்காதவர் பெரும்பாலும் வேறெங்கோ சேர்ந்திருப்பார்.

"ஆண்கள் மட்டும்" என்ற வரியை இன்றே எடுத்துவிடுங்கள். ஒரே தன்மையுள்ள வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஆண், பெண் என்று வேறுபாடு காட்டுவதை 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே தடை செய்தது. 2019இல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஆளே கிடைக்காத நிலையில் பாதிக் கதவை நாமே சாத்திவைப்பது உங்களுக்குத்தான் இழப்பு.

இன்னொன்று, சேகரித்த சுயவிவரங்களைப் பற்றியது. 412 பேரின் தொலைபேசி எண்ணும் முகவரியும் உங்கள் மின்னஞ்சலில் கிடக்கின்றன. "எங்களுக்கும் கொடுங்கள்" என்று தரகர்கள் கேட்டு வருவார்கள். கொடுக்கவே கூடாது. 2023இல் இயற்றப்பட்ட எண்ணிமத் (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காக ஒருவர் தம் விவரத்தைக் கொடுத்தாரோ அந்த நோக்கத்துக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற அடிப்படையில் அமைந்தது.


பதில் 2: செட்டர், பொள்ளாச்சி பக்கம்

ஐயா, நான் விளம்பரத்துக்கு மறுபக்கத்தில் இருப்பவன். டர்னர் பிரிவில் ஐ.டி.ஐ. முடித்து எட்டு ஆண்டுகளாக சி.என்.சி.யில் இருக்கிறேன். நீங்கள் அழைத்த 11 பேரில் ஆறு பேர் ஏன் எடுக்கவில்லை என்பதை என்னால் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

என்னைப் போன்றவர்கள் விளம்பரத்தைக் கணினியில் பார்ப்பதில்லை. டீ இடைவேளை பத்து நிமிடத்தில், கையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, கைப்பேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போவோம். கண் முதலில் தேடுவது சம்பளத்தை. அடுத்தது ஊர். அடுத்தது ஷிஃப்ட். "தகுதிக்கேற்ப" என்று இருந்தால் விரல் நிற்காது. சம்பளத்தை மறைக்கிறவர் குறைவாகத்தான் கொடுப்பார் என்பது எங்களுக்குப் பட்டு வந்த புத்தி. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நிறுவனத்தார் தொலைபேசியில் 24,000 ரூபாய் என்று சொன்னதை நம்பி, அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறிப் போனேன். வாசலில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில், "24,000 என்பது ஓவர்டைம் எல்லாம் சேர்த்து, மாதச் சம்பளம் 17,500" என்றார்கள். அன்று பேருந்துச் செலவு கூட யாரும் கொடுக்கவில்லை. அதன்பிறகு, எழுத்தில் தொகை வராமல் நான் எந்த நேர்காணலுக்கும் போவதில்லை.

அழைப்பை எடுக்காததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, ஷிஃப்டில் இருக்கும்போது கைப்பேசி லாக்கரில் இருக்கும். பல பட்டறைகளில் இயந்திரத்தருகே அனுமதிப்பதில்லை. இரண்டாவது, ஏமாற்று அழைப்புகள். தளத்தில் எண்ணைப் பதிந்த மறுநாளிலிருந்தே, "பெரிய கம்பெனியில் வேலை உறுதி, சீருடைக்கும் பதிவுக்கும் 1,500 ரூபாய் அனுப்புங்கள்" என்று யார் யாரோ பேசுவார்கள். என் அறைத்தோழன் ஒருவன் இப்படி இருமுறை பணம் அனுப்பிவிட்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு மூன்றாம் நாள்தான் புகார் சொன்னான்; அதற்குள் பணம் போய்விட்டது. முன்பின் தெரியாத எண் என்றால் எங்களுக்குள் தயக்கம் வந்துவிடுகிறது.

எனவே முதலில் அழைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: பட்டறையின் பெயர், கூகுள் வரைபடத்தில் இடம், எந்த இயந்திரம், கையில் வரும் சம்பளம், ஷிஃப்ட் நேரம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, எந்த நேரத்தில் பேசலாம் என்ற கேள்வி. பணம் எதுவும் கேட்க மாட்டோம் என்பதையும் எழுதுங்கள். இவ்வளவும் இருந்தால் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும் நாங்களே அழைப்போம்.

வேலை உறுதியாகியும் சேராமல் போனவரைப் பற்றி வருத்தப்பட்டிருந்தீர்கள். அவர் சொல்லாமல் விட்டது தவறுதான். ஆனால் அவர் தற்போதைய முதலாளியிடம் விலகுவதாகச் சொன்னவுடன், அங்கே 2,000 ரூபாய் ஏற்றிக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் இடையில் ஒருமுறையாவது பேசியிருந்தால் தெரிந்திருக்கும்.


பதில் 3: ஐ.டி.ஐ. பயிற்சி அலுவலர்

மேலே தேர்வாளர் அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். கணக்கர், வடிவமைப்புப் பொறியாளர் போன்ற பணிகளுக்குக் கட்டணத் தளம் சரி. ஆபரேட்டர் வேலைக்கு இந்த அளவிலுள்ள பட்டறை ஒன்று சுயவிவரத் தொகுப்புக்குப் பணம் கட்டுவது வீண் என்பதே என் கருத்து. எங்கள் மாணவர்களில் பலரிடம் சுயவிவரம் என்று ஒரு தாளே கிடையாது. கைத்திறன் இருக்கும், அதை எழுதத் தெரியாது. அப்னா, ஒர்க்இந்தியா போன்ற செயலிகள் இப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்தே உருவானவை. தொலைபேசி எண்ணும் தெரிந்த வேலையும் ஊரும் கொடுத்தால் போதும். அங்கே முதலில் முயன்று பாருங்கள்.

பணம் கட்டத் தேவையில்லாத இரண்டு அரசுத் தளங்களும் இருக்கின்றன. 2015இல் மத்திய தொழிலாளர் அமைச்சகம் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் ஒன்று. தமிழக வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை 2020இல் தொடங்கிய தனியார் துறை வேலை இணையம் மற்றொன்று. தளத்தில் பதிந்துவிட்டுச் சும்மா இருந்தால் பெரிய பலன் இராது. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு நேரில் போய், அவர்கள் நடத்தும் முகாமில் ஒரு மேசை கேளுங்கள். நேரில் வரும் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரு கடைந்த ஜாபையும் மைக்ரோமீட்டரையும் (நுண்ணிய அளவு பார்க்கும் கருவி) கையில் கொடுத்து அளக்கச் சொன்னால், ஐந்து நிமிடத்தில் தேர்வு முடிந்துவிடும். நான் ஒவ்வோர் ஆண்டும் வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களிடம் இதைத்தான் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பொது அறிவுக் கேள்விகளைக் கேட்டு நல்ல கைகளைத் திருப்பி அனுப்பியதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

உங்களுக்கு முக்கியமான இன்னொரு செய்தி உண்டு. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை (வேலையில் இருந்தபடியே தொழில் கற்பவர்களை) எடுத்தாக வேண்டும். 46 பேர் உள்ள நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், கொடுக்கும் உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் என்ற உச்சவரம்புக்குள், மத்திய அரசு ஏற்கிறது. இதற்கும் தனி இணையதளம் இருக்கிறது. பதிவு, ஒப்பந்தம் எல்லாம் அதிலேயே முடியும். ஆண்டுக்கு இரண்டு பழகுநர்களை எடுத்து வளர்த்தால், ஒவ்வொரு தீபாவளிக்குப் பிறகும் தவிக்க வேண்டியிராது. சட்டக் கடமை என்பதற்காகப் பெயரளவில் எடுத்து, தரை பெருக்கவும் டீ வாங்கவும் அனுப்பும் இடங்களை அறிவேன். அப்படிச் செய்தால் பயிற்சி முடியும் நாளே அந்தப் பிள்ளை உங்களை விட்டுப் போய்விடும்.


பதில் 4: தேர்வாளர், கிண்டி

பயிற்சி அலுவலர் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆபரேட்டர் வேலைக்கு அவர் சொன்ன வழியே நல்லது. கட்டணத்தைக் கணக்கு வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும். இப்போது தளங்களே விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தித் தருகின்றன. 380 விண்ணப்பங்களைத் தனி ஒருவராகப் படிக்க வேண்டியவருக்கு அது பெரிய உதவிதான். ஆனால் முதல் இருபதோடு நின்றுவிடாதீர்கள். அமேசான் நிறுவனம் 2014 முதல் இப்படி ஒரு மென்பொருளை உருவாக்கிப் பார்த்தது. அதுவரை வந்த விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை என்பதால், அவற்றிலிருந்து கற்ற அந்த மென்பொருள் பெண்கள் என்பதைக் குறிக்கும் சொல் இருந்த சுயவிவரங்களைக் கீழே தள்ளியது. அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற செய்தி 2018இல் வெளிவந்தது. நம் ஊர்த் தளங்களில் நான் காண்பது வேறு வகை. ஐந்து ஆண்டு வீட்டிலிருந்து குழந்தையை வளர்த்துவிட்டு மறுபடி வேலைக்கு வரும் பெண்களின் விண்ணப்பம் வரிசையின் அடியில்தான் கிடக்கிறது. கணக்கு வேலைக்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த இருவர் அந்த அடிவரிசையிலிருந்து வந்தவர்கள்.

தேர்வாகாதவர்களுக்கும் இரண்டு வரி பதில் அனுப்புங்கள், ஐயா. தளத்திலேயே எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அனுப்பலாம். பத்து நிமிட வேலை.


கேள்வி கேட்டவர், ஐந்து வாரம் கழித்து: குறிச்சி பட்டறைக்காரர்

எழுதிய அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மாற்றி எழுதிய விளம்பரம்: "டர்னிங் சென்டர் செட்டர் 1, ஆபரேட்டர் 2. ஃபானுக் கண்ட்ரோல். ஐ.டி.ஐ. டர்னர் அல்லது மெஷினிஸ்ட். செட்டருக்குக் கையில் 25,000, ஆபரேட்டருக்கு 17,000 முதல் 19,000 வரை, ஓவர்டைம் தனி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. குறிச்சி சிட்கோ. ஆண், பெண் இருபாலரும் வரலாம். யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்." இதை ஒரு செயலியிலும் இரண்டு அரசுத் தளங்களிலும் போட்டேன். இம்முறை வந்தவை 19தான். ஆனால் 14 பேர் இயந்திரம் தெரிந்தவர்கள். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியதும் ஒன்பது பேர் தாமாகவே அழைத்தார்கள். நேர்காணலுக்கு வந்தவர்களுக்குப் பேருந்துக் கட்டணம் கொடுத்தேன். கிணத்துக்கடவிலிருந்து ஒரு செட்டரும், முகாமில் சந்தித்த ஒரு பெண் ஆபரேட்டரும் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பெண் மைக்ரோமீட்டரைப் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு எங்கள் மேஸ்திரியே, "இந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள்" என்றார். கணக்கு வேலைக்கு, வரிசையில் 211ஆவதாக இருந்தவரைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு பழகுநருக்கு ஒப்பந்தம் பதிவாகிவிட்டது. மற்றவர்களுக்குப் பதில் அனுப்பினேன். நாற்பது பேருக்கு மேல் நன்றி சொல்லித் திருப்பி எழுதினார்கள்.

இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. வந்து பார்த்த மூவரும் நேரத்தைக் கேட்டதும் வேண்டாம் என்றார்கள். மாலை 7 முதல் காலை 7 வரை.


பதில் 5: செட்டர், பொள்ளாச்சி பக்கம்

ஐயா, அந்த இடத்துக்கு விளம்பரத்தை எப்படி மாற்றி எழுதினாலும் ஆள் நிலைக்க மாட்டார். 12 மணி நேரம் நின்றுவிட்டு, காலையில் ஒரு மணி நேரம் பேருந்தில் போய், மறுபடி மாலை 5 மணிக்குக் கிளம்ப வேண்டும். எட்டு மணி நேரமாக மூன்று ஷிஃப்ட் போட உங்களிடம் ஆள் போதாது என்பது புரிகிறது. இரவு 10 முதல் காலை 6 வரை என்று வைத்து, கூடுதல் நேரம் தேவைப்படும் நாள்களில் மட்டும் இரட்டிப்புக் கூலியோடு கேட்டுப் பாருங்கள். இரவு வருபவருக்குத் தங்க ஓர் அறை இருந்தால் அதையும் விளம்பரத்தில் எழுதுங்கள். ஷிஃப்டை மாற்றினால் எனக்குச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் கேட்டுப் பார்க்க இரண்டு பேர் இருக்கிறார்கள்.